ஜெஸ்ஸி ஸ்டோன் படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

அண்ணன் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. பகல் முழுக்க வேலையில் ஓடிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அவருக்குக் கஷ்டம். அந்த நேரத்தைப் படம் பார்த்துக் கடத்துகிறார். போலீஸ் படம் என்றால் எந்த மொழியானாலும் உட்கார்ந்துவிடுவார். சில வாரங்களுக்கு முன் போனில், "டாம் செல்லக் நடிச்ச ஜெஸ்ஸி ஸ்டோன் படமெல்லாம் நல்லா இருக்குமாமே, மொத்தம் ஒன்பதாம். எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒன்பதையும் பார்த்தவன் நான், சிலவற்றை மூன்று தடவை. ஆனாலும் உடனே பதில் வரவில்லை. இந்த வரிசை வெளிவந்த முறை ஒன்று, கதை நடக்கும் முறை வேறு. அதோடு ஜெஸ்ஸி ஸ்டோன் ஒரு குடிகாரர். ஒவ்வொரு படத்திலும் ராத்திரியானால் கிளாஸில் ஐஸ் விழும், மேலே ஸ்காட்ச் விழும். அண்ணனுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்தபோதுதான் இந்தப் படங்களை நானே ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். பாஸ்டனுக்கு அருகே பாரடைஸ் என்ற கடலோரச் சிற்றூர். ஊர் கற்பனைதான். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் கொலை வழக்குத் துப்பறிவாளராக இருந்து, குடியால் வேலை போய், மனைவியும் பிரிந்த பிறகு ஜெஸ்ஸி இங்கே போலீஸ் சீஃபாக வந்து சேர்கிறார். ராபர்ட் பி. பார்க்கர் எழுதிய நாவல்கள்தான் மூலம். சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எட்டுப் படங்கள் 2005 முதல் 2012 வரை வந்தன. ஒன்பதாவது 2015-ல் ஹால்மார்க்கில் வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெரும்பாலானவற்றை ராபர்ட் ஹார்மன் இயக்கினார்.

முதலில் ஒளிபரப்பானது 'ஸ்டோன் கோல்ட்', 2005 பிப்ரவரியில். இரண்டாவதாக 2006 ஜனவரியில் வந்த 'நைட் பாஸேஜ்' கதைப்படி அதற்கு முந்தையது. ஜெஸ்ஸி அந்த ஊருக்கு வந்த கதையே அதுதான். எடுத்த வரிசையில் பார்ப்பதா, நடந்த வரிசையில் பார்ப்பதா என்ற குழப்பம் இதனால்தான்.

'ஸ்டோன் கோல்ட்' படத்தில் கொலைகாரர் யார் என்ற மர்மமே கிடையாது. பணக்கார, படித்த, அமைதியான ஒரு தம்பதி, பொழுதுபோக்காக ஊரில் ஆட்களைச் சுட்டுக்கொல்கிறார்கள். சீக்கிரமே நமக்கு அது தெரிந்துவிடும், கொஞ்ச நேரத்தில் ஜெஸ்ஸிக்கும் தெரிந்துவிடும். ஆதாரம் இல்லை. அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் படம். இன்னொரு பக்கம் ஒரு பள்ளி மாணவி மீது நடந்த வன்கொடுமை வழக்கும் ஓடுகிறது. அதைப் படம் கண்ணியமாகவே கையாள்கிறது. ஆனாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை.

இதில் தொடங்குவதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. தயாரிப்பவர்கள் இந்த மனிதரை உலகத்துக்கு முதலில் காட்டியது இப்படித்தான். முன்கதை எதையும் விளக்காமல், இருக்கிற இடத்திலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஜெஸ்ஸி ஏன் இப்படிக் குறைவாகப் பேசுகிறார், ராத்திரியில் போனில் யாரோடு பேசுகிறார், ஊர்க்காரர்கள் ஏன் அவரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். வேகமும் இந்தப் படத்தில்தான் அதிகம். ரெஜி என்ற நாய் ஜெஸ்ஸியின் வீட்டுக்கு வந்து சேர்வதும் இதில்தான். கொல்லப்பட்டவர் ஒருவரின் நாய் அது. ஜெஸ்ஸி கிளாஸை எடுக்கும்போதெல்லாம் அது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கும். எந்த வசனத்தையும்விட அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

சரி, 'நைட் பாஸேஜ்' பக்கம் வருவோம். நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஓட்டி வருகிறார் ஜெஸ்ஸி. அந்த நாய்க்கு வயதாகிவிட்டது. ரெஜிக்கு முந்தைய நாய் அது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதே குடித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரிகிறது. ஆனாலும் வேலை கிடைக்கிறது. குடித்துவிட்டு வந்த ஆளை எதற்காக எடுத்தார்கள் என்ற கேள்வியில்தான் மொத்தப் படமும் நிற்கிறது. டவுன் கவுன்சில் தலைவர் ஹேஸ்டி ஹாத்அவே வங்கிக்காரர், ஊரில் பெரிய புள்ளி. அவருக்கு மறைக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. குடிகாரன் என்றால் சொன்னபடி கேட்பான், கேள்வி கேட்க மாட்டான் என்று கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார். சால் ரூபினெக் அந்தப் பாத்திரத்தை இனிக்க இனிக்கப் பேசுகிறவராக நடித்திருப்பார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படும். இங்கே போலீஸ் மாநில அரசின் கையில். இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம் வரும், ஆனால் ஊர்க்காரர்கள் கூடி அவரை வேலைக்கு எடுப்பதோ நீக்குவதோ கிடையாது. அமெரிக்காவில் சட்டம் ஒழுங்கு பார்க்கும் அமைப்புகள் மட்டும் சுமார் 18,000 இருக்கின்றன. நிறைய இடங்களில் ஒவ்வொரு சிற்றூருக்கும் தனிப் போலீஸ், அதற்கென ஒரு சீஃப். சம்பளம் ஊர் வரிப்பணத்திலிருந்து போகும், வேலையில் வைப்பதும் நீக்குவதும் உள்ளூர் மன்றம். அதனால்தான் இந்தப் படங்களில் ஜெஸ்ஸிக்கு எதிரி பாதி நேரம் கொலைகாரன் இல்லை, கவுன்சில். இது தெரியாமல் பார்த்தால், இத்தனை பெரிய போலீஸ் அதிகாரி ஒரு வங்கிக்காரருக்கு எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. மாசசூசெட்ஸில் பாஸ்டன் மாதிரி மிகச் சில பெரிய நகரங்கள் தவிர மற்ற ஊர்களில் கொலை நடந்தால், விசாரணை மாவட்ட அரசு வழக்கறிஞரின் பொறுப்பில் மாநிலப் போலீஸ் துப்பறிவாளர்கள் கைக்குப் போய்விடும். ஸ்டீஃபன் மெக்ஹாட்டி நடித்த கேப்டன் ஹீலி அப்படி மாநிலக் கொலைப் பிரிவிலிருந்து வருகிறவர். நிஜத்தில் ஹீலிதான் வழக்கை நடத்த வேண்டும், ஜெஸ்ஸி பக்கத்தில் நின்று உதவ வேண்டும். படங்களில் இருவரும் நண்பர்கள் என்பதால் ஜெஸ்ஸிக்குக் கயிற்றை நீட்டிவிடுகிறார் ஹீலி. கதைக்காக எடுத்துக்கொண்ட சலுகைதான் இது. ஆனால் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகள் எல்லாமே ரசிக்கத் தகுந்தவை. ஒரு வார்த்தை கேள்வி, ஒரு வார்த்தை பதில், அதற்குள் அத்தனை மரியாதை.

'நைட் பாஸேஜ்' மெதுவான படம்தான். முதல் அரை மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஜெஸ்ஸி ஊரைச் சுற்றுகிறார், ஆட்களைத் தெரிந்துகொள்கிறார். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடுவார்கள். ஆனால் ஸ்டேஷனில் மாலி கிரேன் என்ற போலீஸ்காரராக வயோலா டேவிஸ் உட்கார்ந்திருப்பார். முதல் நான்கு படங்களில் இருக்கிறார். இன்று உலகமே அறிந்த நடிகை அவர். அன்று அந்த மேசைக்குப் பின்னால் இருந்து ஒரு புருவத்தைத் தூக்கியே காட்சியை எடுத்துக்கொள்வார். கூடவே கோல் சடத் நடித்த சூட்கேஸ் சிம்ப்சன், வெள்ளை மனசுக்கார இளம் போலீஸ்காரர். இந்த மூன்று பேருக்குள் நம்பிக்கை எப்படி வளர்கிறது என்று நாம் பார்த்துவிட்டோம் என்றால் அடுத்தடுத்த படங்களில் அவர்களுக்கு ஒன்று ஆகும்போது நம் வயிறு பிசையும்.

'ஸ்டோன் கோல்ட்' படத்தில் ஜெஸ்ஸிக்கு வேண்டிய ஒருவர் இறந்துபோகிறார். யார் என்று சொல்ல மாட்டேன். ஒளிபரப்பான வரிசையில் பார்த்தால் அந்த ஆளை நமக்கு அரை மணி நேரம்தான் தெரிந்திருக்கும். சாவு ஒரு திருப்பமாகக் கடந்துபோகும். பிறகு 'நைட் பாஸேஜ்' பார்க்கும்போது அதே ஆள் உயிரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்து நிற்பார், நமக்கு மட்டும் முடிவு தெரியும். அதுவும் ஒரு வகைத் துக்கம்தான், மறுக்கவில்லை. நான் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை கதை வரிசையில் பார்த்தபோது அந்தச் சாவு என்னை உட்கார வைத்துவிட்டது. ஜெஸ்ஸி அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன செய்கிறார் என்பதை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். என் தராசில் கதை வரிசையின் பக்கம் கனத்தது அந்த ஒரு ராத்திரியால்தான்.

நாவல்களில் தொடங்குவதும் ஒரு வழி. பார்க்கர் 'நைட் பாஸேஜ்' நாவலை 1997-ல் எழுதினார். ஒன்பது ஜெஸ்ஸி நாவல்கள் எழுதி, 2010 ஜனவரியில் காலமானார். படத்தில் பார்க்கிற ஆளும் நாவலில் இருக்கிற ஆளும் ஒருவர் இல்லை. நாவலின் ஜெஸ்ஸிக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டித்தான். பேஸ்பால் வீரனாக வந்திருக்க வேண்டியவன், தோளில் அடிபட்டு அந்தக் கனவு போனவன். செல்லக்குக்கு முதல் படம் வெளிவந்தபோது அறுபது வயது. நாவலைப் பற்றிப் பேசும்போது எனக்கு 'அவன்' என்று வருகிறது, படத்தைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்றுதான் வருகிறது. முப்பத்தைந்து வயதில் குடிக்கிறவனுக்கு முன்னால் காலம் கிடக்கிறது, விட்டுவிடலாம், திரும்ப ஆரம்பிக்கலாம். அறுபதில் அதே கிளாஸைக் கையில் எடுக்கிறவரைப் பார்க்கும்போது மனசு வேறு மாதிரி அடித்துக்கொள்கிறது. முன்னாள் மனைவி ஜென்னையும் நாவல் கிழக்கே கூட்டிவந்து பாஸ்டன் டிவியில் வானிலை சொல்ல வைக்கிறது. படங்களில் அவர் போனில் வரும் குரல் மட்டும்தான். இந்த மாற்றம் நாவலைவிடப் படத்துக்கே பலம் என்பது என் கருத்து. யாரோடு பேசுகிறோம் என்று முகம் தெரியாத அந்த ராத்திரி உரையாடல்களில் வீடு இன்னும் காலியாகத் தெரிகிறது.

பார்க்கரின் உரைநடை சுலபமானது. வசனம் வசனமாகப் போகும், ஓரளவு ஆங்கிலம் தெரிந்தால் போதும். ஆங்கில நாவல் படிக்கப் பழக வேண்டும் என்கிறவர்களுக்கு நான் இதையே கொடுப்பேன். ஆனால் படத்துக்கு முன்னால் படித்தாக வேண்டும் என்று இல்லை. முதல் நான்கு படங்கள்தான் நாவல்களைத் தழுவியவை, 'தின் ஐஸ்' முதல் எல்லாம் புதிதாக எழுதிய கதைகள்.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன், மீதி எட்டுக்கு நேரம் இல்லை என்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு 2007-ல் வந்த 'சீ சேஞ்ச்'. கையில் வழக்கு எதுவும் இல்லாமல், குடி கூடிக்கொண்டே போகிற நேரத்தில், தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ள 1992-ல் நடந்த ஒரு வங்கிக் கொள்ளையின் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுக்கிறார் ஜெஸ்ஸி. செல்லக்குக்கு எம்மி விருதுப் பரிந்துரை வாங்கித் தந்த படம். 'மேக்னம், பி.ஐ.' தொலைக்காட்சித் தொடரில் ஹவாயில் பூப்போட்ட சட்டையோடு சிவப்பு ஃபெராரி ஓட்டிய 1980-களின் செல்லக்கை நினைவிருக்கிறவர்கள் இதைப் பார்த்தால் இது அதே மனிதர்தானா என்று அசந்துபோவார்கள். முகத்தை அசைக்காமல் வலியைக் காட்டுகிறார். ஆனால் முந்தைய படத்தில் சூட்கேஸுக்கு நேர்ந்தது தெரியாமல் இதைப் பார்த்தால் கால்வாசி புரியாது. தனியாகப் பார்க்கலாம், முழுசாகக் கிடைக்காது.

'தின் ஐஸ்' தொடங்கிப் பிறகு வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயோலா டேவிஸ் போன பிறகு ஸ்டேஷன் கொஞ்சம் வெறிச்சோடிவிடுகிறது. கேத்தி பேக்கர் நன்றாகவே ஈடுகட்டுகிறார். 'நோ ரிமோர்ஸ்' ஜெஸ்ஸி பணியிடைநீக்கத்தில் இருக்கும்போது நடக்கிறது, இவற்றில் எனக்குப் பிடித்தது அது. 'இன்னொசென்ட்ஸ் லாஸ்ட்' ரொம்பவே தளர்ந்துபோன படம். கடைசிப் படத்தை ஜெஸ்ஸி மேல் பிரியம் உள்ளவர்கள் மட்டும் பார்த்தால் போதும். எந்தப் படமாக இருந்தாலும் அந்த நிலப்பரப்பு மட்டும் ஏமாற்றாது. மாசசூசெட்ஸ் என்று சொன்னாலும் எடுத்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில். சாம்பல் நிறக் கடல், பாறை, மரவீடுகள், பாதி நேரம் மூடுபனி. அந்த ஊர் அழகும் அந்த மனிதரின் தனிமையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஜெஃப் பீலின் இசையும் அதே மாதிரிதான், கேட்கச் சொல்லி வற்புறுத்தாது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். குடியை விட்டவருக்கு இந்தப் படங்களைக் கொடுக்கலாமா?

நம் படங்களில் நாயகன் குடித்தால் ஒன்று பாட்டு வரும், இல்லை காதல் தோல்வி வரும். கீழே எச்சரிக்கை வாசகம் ஓடும், மேலே கொண்டாட்டம் ஓடும். ஜெஸ்ஸி படங்களில் குடி கொண்டாட்டம் இல்லை. தனியாக, சத்தமில்லாமல், சமையலறையில் நின்று ஊற்றுகிற குடி. அண்ணன் குடித்ததும் அப்படித்தான். எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைக்கூடப் போடாமல். இந்தக் காட்சிகள் அவரைத் தொடும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கமாகத் தொடும் என்பதுதான் பயம். ஐஸ் விழும் சத்தம் கூடக் கேட்டுவிடக் கூடாத ராத்திரிகள் அவருக்கு இருந்திருக்கின்றன.

என் தயக்கத்தைத் தீர்த்தது மூன்றாவது படம், 2006 ஏப்ரலில் வந்த 'டெத் இன் பாரடைஸ்'. ஏரியில் கிடைக்கும் ஒரு சிறுமியின் உடலைப் பற்றிய வழக்கு அது. ஆனால் எனக்கு முக்கியம் டாக்டர் டிக்ஸ். வில்லியம் டெவேன் நடித்த மனநல மருத்துவர். முன்னாள் போலீஸ்காரர், தானும் குடியிலிருந்து மீண்டவர். ஜெஸ்ஸி அவர் முன்னால் போய் உட்காருகிறார். டிக்ஸ் உபதேசம் செய்வதில்லை, பாவப்படுவதும் இல்லை. ஜெஸ்ஸி சொல்கிற ஒவ்வொரு சாக்கையும் அமைதியாக எடுத்து மேசை மேல் வைத்துவிடுகிறார், அவ்வளவுதான். சுகமாகிவிடுவாய் என்ற உறுதிமொழியும் தருவதில்லை. குடிகாரரைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு நேர்மையான அறை இன்னொன்று இல்லை. ஜெஸ்ஸி அதற்குப் பிறகும் குடிக்கிறார். ஆனால் அந்த அறைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்.

'சீ சேஞ்ச்' மட்டும் தனியாக வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இதனால்தான். அது குடி மிகவும் நெருங்கி வரும் படம். டிக்ஸ் யார் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அதைத் தாங்க முடியும்.

ஆக என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். துப்பறியும் கதைக்காகப் பார்க்கிறவர், மெதுவான படம் என்றாலே போனை எடுத்துவிடுகிறவர் என்றால் 'ஸ்டோன் கோல்ட்'. அதில் பிடித்துப்போனால் பின்னாலேயே 'நைட் பாஸேஜ்' வந்து சேரும், நஷ்டம் அந்த ஒரு சாவின் கனம்தான். மற்ற எல்லோருக்கும் 'நைட் பாஸேஜ்', 'ஸ்டோன் கோல்ட்', 'டெத் இன் பாரடைஸ்', 'சீ சேஞ்ச்' என்று இதே வரிசையில் நான்கு. அப்புறம் நிறுத்திக்கொண்டாலும் குறை இல்லை. வசனங்கள் முணுமுணுப்பாக இருக்கும், சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

மறுநாள் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன், குடிக் காட்சிகள் இருப்பதையும் மறைக்கவில்லை. "ஆளு குடிச்சிட்டே இருப்பாரு அண்ணே, கஷ்டமா இருந்தா அணைச்சிடு, என்னைக் கூப்பிடு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் அங்க போடு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாக்கலாம்" என்றார். அவர் திருச்சியில், நான் சென்னையில். சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு இரண்டு பேரும் 'நைட் பாஸேஜ்' போட்டோம். நேர்முகத் தேர்வுக் காட்சி வந்தபோது போன் அடித்தது. "இப்படி ஒரு தடவை நானும் போயிருக்கேன்டா" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. படத்தை நிறுத்தாமலேயே அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் 'டெத் இன் பாரடைஸ்' முடிந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் செய்தி அவருடையது. டாக்டர் வருகிற இடங்களை மட்டும் தனியாக ஓட்டி மறுபடி பார்த்தாராம். எந்தெந்த நிமிடத்தில் வருகின்றன என்று ஒரு சீட்டில் குறித்து, அதைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார்.